தோளுக்கேற்ற துப்பாக்கி: ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை சொல்லும் பாடம்

துப்பாக்கி, சுடுகிறவரையும் உதைக்கும். குண்டு முன்னால் பாயும் அதே கணத்தில் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும். இதற்குப் பின்னுதைப்பு என்று பெயர். நம் ரப்பர் தோட்டங்களில் காட்டுப்பன்றி சுடப் போன அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டால், தோள்பட்டை கன்றிச் சிவந்து கிடந்த கதையைச் சொல்வார்கள்.

மான் வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில், புதிதாகச் சுடப் பழகுகிற இளைஞர்களும் மெலிந்த உடல்வாகு கொண்டவர்களும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உதை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் மானை ஒரே குண்டில் வீழ்த்தவும் வேண்டும். அதற்கு எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குத் தவறான விடை எழுதியதால் நூற்றுக்கணக்கான மனித உயிர்கள் போயிருக்கின்றன. சரியான விடையால் ஒருவர் உயிர் பிழைத்தும் இருக்கிறார். அவர்தான் ஜிம் கார்பெட்.

இயற்பியல் வகுப்பில் உந்தம் என்ற பாடத்தை நடத்தும்போது நான் கார்பெட்டின் துப்பாக்கிகளைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். சூத்திரத்தை மறந்துவிடுகிற மாணவர்கள்கூட இந்தக் கதையை மறப்பதில்லை. அதனால்தான் அவருடைய வாழ்க்கையை இந்தப் பக்கத்தில் எழுத விரும்பினேன்.

கம்பி கட்டிய துப்பாக்கி

இந்தியாவின் வடக்கே, இமயமலை அடிவாரத்தில் குமாவுன் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்குள்ள நைனிடால் நகரில் 1875 ஜூலை 25ஆம் நாள் ஜிம் கார்பெட் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சலக அதிகாரி. பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது நிறைவதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தாயார் மேரி ஜேனும் அண்ணன் டாமும் குடும்பத்தைத் தாங்கினார்கள். ஆளும் இனத்தில் பிறந்திருந்தாலும் அது பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்த வீடுதான்.

கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதூங்கி என்று குடும்பம் மாறி மாறி வாழ்ந்தது. காலாதூங்கி வீட்டைச் சுற்றிக் காடு. சிறுவன் ஜிம் அந்தக் காட்டையே பள்ளிக்கூடமாக்கிக் கொண்டான். முதலில் உண்டிவில், பிறகு வில், அதன் பிறகு சுமார் எட்டு வயதில் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. வாய்ப்பக்கமாக மருந்து கெட்டிக்கும் அந்தத் துப்பாக்கியின் வலது குழல் வெடித்துப் போயிருந்தது. கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தன. சுடக்கூடியது இடது குழல் மட்டும்தான்.

மருந்தும் ஈயமும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள்கள். கண்டபடி சுட முடியாது. அதனால் காட்டுக்கோழியோ மயிலோ மிக அருகில் வரும் வரை அசையாமல் காத்திருக்க அந்தச் சிறுவன் பழகினான். சத்தம் இல்லாமல் நடப்பது, தடம் பார்ப்பது, குரங்கும் மானும் எழுப்பும் எச்சரிக்கைக் குரல்களைப் பிரித்தறிவது ஆகிய எல்லாம் இந்த வறுமை கொடுத்த பயிற்சி என்றே நான் நினைக்கிறேன். கையில் பத்துத் தோட்டா இருக்கிறவர் ஒன்பதை வீணாக்கலாம். ஒன்றே ஒன்று இருக்கிறவர் முதலில் பார்க்கக் கற்றுக்கொள்வார்.

பத்து வயதில் வாங்கிய உதை

பத்து வயதில் ஜிம் நைனிடால் தொண்டர்படையின் பயிலணியில் சேர்ந்தான். நம் பள்ளிகளில் இருக்கும் சீருடை இயக்கத்தைப் போன்றது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருநாள் முக்கியப் பிரமுகர்கள் முன்னிலையில் அவன் சுட்டுக் காட்டினான். பின்னாளில் பிரிட்டிஷ் படையின் பீல்டு மார்ஷலாக உயர்ந்த ராபர்ட்ஸ் பிரபுவும் அவர்களில் ஒருவர். அந்தத் திறமையின் பயனாக, படையின் .450 மார்ட்டினி ரைபிள் ஒன்று அவனுக்கு இரவலாகக் கிடைத்தது. துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும் என்பவைதான் நிபந்தனைகள்.

இங்கே சொற்களைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தோட்டா என்பது முழுப் பொருள்: வெளியே பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பொட்டு, முனையில் குண்டு. விசையை இழுத்ததும் குழல் வழியாகப் பறந்து போவது குண்டு மட்டும்தான். கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும். .450 என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் எண்.

மார்ட்டினி துப்பாக்கி அதன் முரட்டு உதைக்குப் பேர்போனது. பிரிட்டிஷ் படை அதில் பயன்படுத்திய வழக்கமான தோட்டாவில் 31 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு இருந்தது. அது விநாடிக்குச் சுமார் 410 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 4 கிலோ. பெரிய ஆள்களே முகம் சுளித்த அந்த உதையைப் பத்து வயதுத் தோள் தாங்க வேண்டியிருந்தது. அந்தத் துப்பாக்கியால் ஜிம் தன் முதல் சிறுத்தையைச் சுட்டான்.

உதை பலமாக இருந்தால் என்ன ஆகும்? தோள் நோவது சின்னக் கேடு. மனம் அந்த நோவை நினைவில் வைத்துக்கொள்வதுதான் பெரிய கேடு. அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். தோள் முன்னால் தள்ளும். விரல் விசையை மெதுவாக அழுத்தாமல் வெடுக்கென்று இழுக்கும். குழலின் முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், 100 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ அரைச் சாண் விலகிப் போகும். மானின் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றிலோ காலிலோ பட்டுவிடும். மான் விழாது; ஓடிவிடும். எங்கோ புதருக்குள் கிடந்து பல நாள் துடித்துச் சாகும்.

மானாக இருந்தால் துன்பம் மானுக்கு மட்டும். புலியாக இருந்தால்?

ஒரு தவறான குண்டின் விலை

கார்பெட் முழுநேர வேட்டைக்காரர் அல்லர். ஏறத்தாழ பதினெட்டு வயதில் வங்காள வடமேற்கு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட் என்ற இடத்தில் சரக்குகளை ஒரு ரயில்பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாற்றும் குத்தகையை எடுத்து, 20 ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். கூலியாள்களோடு சேர்ந்து தாமும் மூட்டை சுமந்தவர். அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நிலைய அதிகாரியோடு சேர்ந்து ஒரு பள்ளியையும் தொடங்கினார். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் படித்த பரம்பரையில் வந்த நமக்கு அந்தப் பள்ளியின் மதிப்பு தெரியும்.

அவர் விடுப்பில் குமாவுன் வரும்போது, மனிதரைத் தின்னும் விலங்குகளைச் சுட்டுத் தருமாறு அரசாங்கமும் ஊர்மக்களும் கேட்டுக்கொள்வார்கள். அப்படி முதலில் வந்த அழைப்பு சம்பாவத் பெண்புலிக்காக. அது நேபாளத்தில் 200 பேரையும், பிறகு குமாவுனுக்குள் நுழைந்து 236 பேரையும் கொன்றிருந்தது. மொத்தம் 436 பேர். விறகுக்குப் போன பெண்கள், புல்லறுக்கப் போன சிறுமிகள். ஊரில் பகலிலும் கதவைத் திறக்கப் பயந்தார்கள்.

1907இல் சுமார் 300 ஊர்மக்கள் காட்டை வளைத்து ஓசை எழுப்ப, கார்பெட் அந்தப் புலியை எதிர்கொண்டார். கையில் .500 இரட்டைக்குழல் ரைபிள். அதற்குத் தோட்டா மூன்றே மூன்று. மூன்றும் தீர்ந்த பிறகும் புலி நின்றுகொண்டிருந்தது. உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி ஓடிப்போய்ச் சுட்ட பிறகே எல்லாம் முடிந்தது.

புலியின் உடலைப் பரிசோதித்தபோது கார்பெட் கண்டதுதான் இந்த வரலாற்றின் மையம் என்று நான் கருதுகிறேன். அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியாகவும் கீழ்ப்பல் எலும்பு வரையிலும் போயிருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சுட்ட குண்டு செய்த வேலை அது என்று அவர் முடிவு செய்தார். பல் போன புலியால் மானைப் பிடித்துக் கொல்ல முடியவில்லை. மெதுவாக நடக்கும், எதிர்த்துப் போராட முடியாத மனிதர் பக்கம் அது திரும்பிவிட்டது. குறி தவறிய ஒரு குண்டு. அதற்கு விலை 436 உயிர்.

சுட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் காயப்படுத்திவிட்டு விட்டுவிடுகிற வேட்டைக்காரர் செய்வது என்ன என்பதை அந்தத் தாடை எலும்பு காட்டிவிட்டது.

பரிசாக வந்த .275

சம்பாவத் வெற்றிக்காக, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹிவெட் 1907இல் கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி நிறுவனம் செய்த .275 ரைபிள் அது. கட்டையில் வெள்ளித் தகடு பதித்து, பரிசளித்த காரணம் பொறிக்கப்பட்டிருந்தது.

.275 ரிக்பி என்ற தோட்டாவின் முன்னோர் ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 1890களின் தொடக்கத்தில் உருவாக்கிய 7×57 தோட்டா. 7 என்பது குழலின் உள்விட்டம் மில்லிமீட்டரில். 57 என்பது கூட்டின் நீளம். ரிக்பி நிறுவனம் அதில் எடை குறைந்த குண்டை வைத்து, அங்குலக் கணக்கில் பெயர் சூட்டியது. ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் மான் வேட்டையாடுகிறவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். காரணம், நாம் முதலில் கேட்ட கேள்விக்கு அது நல்ல விடை.

இப்போது நீங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உந்தம் என்பது பொருண்மையை வேகத்தால் பெருக்கி வருவது. பள்ளியில் மொமெந்தம் என்று படிக்கிறீர்களே, அதுதான். மார்ட்டினியின் குண்டு 0.031 கிலோ, வேகம் 410. பெருக்கினால் 12.7. ரிக்பியின் குண்டு 9 கிராம், அதாவது 0.009 கிலோ; வேகம் விநாடிக்குச் சுமார் 800 மீட்டர். பெருக்கினால் 7.2. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டு முன்னால் கொண்டுபோகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். குழலிலிருந்து சீறிவரும் வெடிமருந்து வாயுவின் பங்கையும் சேர்த்தால் இரண்டு எண்களுமே கூடும். அப்போதும் ரிக்பி தோளில் செலுத்தும் பின்னுதைப்பு ஆற்றல் மார்ட்டினியில் பாதி அளவுதான்.

அப்படியானால் ரிக்பி வலுவற்றதா? இயக்க ஆற்றலைப் பாருங்கள். பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். மார்ட்டினி குண்டுக்கு சுமார் 2,600 ஜூல் வருகிறது. ரிக்பி குண்டுக்கு சுமார் 2,900 ஜூல். மூன்றில் ஒரு பங்கு எடைகூட இல்லாத குண்டு, அதிக ஆற்றலைக் கொண்டுபோகிறது! உந்தத்தில் வேகம் ஒரு முறைதான் பெருக்கப்படுகிறது; இயக்க ஆற்றலில் இரு முறை பெருக்கப்படுகிறது. குண்டு சிறியதாகவும் வேகமாகவும் இருந்தால் உதை குறைந்து, ஆற்றல் குறையாமல் இருப்பதன் இரகசியம் இதுதான். வேகமான குண்டு அதிகம் தாழாமல் நேராகச் செல்வதால் குறி வைப்பதும் எளிது.

இந்த வகுப்பில் யாராவது ஒரு மாணவர், அப்படியென்றால் குண்டை இன்னும் சிறியதாக்கிக்கொண்டே போகலாமே என்று கேட்பார். நல்ல கேள்வி. எல்லை உண்டு. மிகச் சிறிய குண்டு தோலையும் தசையையும் கடந்து நெஞ்சுக்குள் போகாது. எலும்பில் பட்டால் சிதறிவிடும். அதுவும் காயப்படுத்தும் வேலைதான். அதனால்தான் இங்கிலாந்தின் சட்டம் மான்களைச் சுடும் ரைபிளுக்குக் குறைந்தபட்ச உள்விட்டமாக .240 அங்குலத்தையும், குண்டுக்குக் குறைந்தபட்ச ஆற்றலாக 1,700 அடி-பவுண்டு, அதாவது சுமார் 2,300 ஜூலையும் நிர்ணயித்திருக்கிறது. கார்பெட் இறந்த 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த .243 வின்செஸ்டர் தோட்டா, இந்த எல்லைக்குச் சற்று மேலே நிற்கிறது. இன்றும் உதை குறைந்த மான் தோட்டா என்றால் பலரும் முதலில் சொல்லும் பெயர் அது. பெயர்கள் மாறினாலும் கொள்கை ஒன்றே: சுடுகிறவர் அஞ்சாத அளவுக்கு மென்மை, விலங்கு துடிக்காத அளவுக்கு வலிமை.

இடது கையில் முட்டை, வலது கையில் ரைபிள்

கார்பெட் எல்லாவற்றுக்கும் .275ஐ மட்டும் நம்பியவர் அல்லர். புலியைத் தேடிப் போகும்போது பெரும்பாலும் 450/400 என்ற கனமான இரட்டைக்குழல் ரைபிளை எடுத்துச் செல்வார். விலங்கின் பருமனுக்கு ஏற்ற கருவி வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் 1930 ஏப்ரல் 11ஆம் நாள் அவர் கையில் இருந்தது இலேசான .275.

குமாவுனின் காலா ஆகர் மலைத்தொடர். அங்கே சௌகட் பெண்புலி என்று பெயர் பெற்ற ஆட்கொல்லி 64 பேரைக் கொன்றிருந்தது. அதைத் தேடி இரண்டு ஆள்களுடன் ஓர் ஓடைப்பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார் கார்பெட். வழியில் பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டு கண்ணில் பட்டன. பறவை முட்டைகளைச் சேகரிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. வழக்கமான வடிவத்தில் இல்லாத அந்த முட்டைகளை எடுத்து இடது உள்ளங்கையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். ரைபிள் வலது கையில்.

ஒரு பெரும்பாறையைச் சுற்றி மணல் தரைக்கு வந்து, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். எட்டடி தூரத்தில் புலி படுத்திருந்தது. பாயத் தயாராக, அவரையே பார்த்துக்கொண்டு.

சட்டென்று திரும்பினால் அது பாய்ந்துவிடும். அவர் திரும்பவில்லை. புலியின் கண்ணிலிருந்து தம் கண்ணை எடுக்காமல், வலது கையால் மட்டும் ரைபிளின் குழலை மிக மிக மெதுவாகச் சுழற்றினார். கிட்டத்தட்ட முக்கால் வட்டம். துப்பாக்கியைத் தோளில் ஊன்ற வழியில்லை. கை நீட்டிய நிலையில், ஒற்றைக் கையால் விசையை அழுத்தினார். ஒரே குண்டு. புலியின் தலை முன்னங்கால்கள் மேல் சாய்ந்தது.

பின்னாளில் இதைப் பற்றி எழுதியபோது, பார்ப்பதற்குப் பாதகமாகத் தோன்றிய மூன்று விஷயங்கள்தாம் தம்மைக் காப்பாற்றின என்று கார்பெட் கணக்கிட்டார். முதலாவது, கையிலிருந்த முட்டைகள். அவை இல்லாவிட்டால் இரு கைகளாலும் துப்பாக்கியைப் பிடித்துப் பட்டென்று திரும்பியிருப்பார், புலி பாய்ந்திருக்கும். இரண்டாவது, ரைபிளின் இலேசு. கனமான துப்பாக்கியை ஒற்றைக் கையில் அவ்வளவு மெதுவாகச் சுழற்றிச் சுட்டிருக்க முடியாது. மூன்றாவது, அது மனிதரைக் கண்டு விலகாத ஆட்கொல்லியாக இருந்தது.

அவர் அன்று பெரிய துப்பாக்கியோடு போயிருந்தால் ஊரார் அவரைத் துணிச்சல்காரர் என்று மெச்சியிருக்கலாம். ஆனால் உயிரோடு திரும்பியிருப்பாரா என்பது ஐயமே. முட்டைகளும் உடையவில்லை, அவற்றை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

ரைபிளைக் கீழே வைத்தபோது

1926இல், எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்ற ருத்ரப்பிரயாக் சிறுத்தையைச் சுட்டதும் அதே .275 ரைபிள்தான். ஆனால் அதே காலத்தை ஒட்டி கார்பெட்டின் மனம் மாறத் தொடங்கியது. பொழுதுபோக்குக்காகப் புலிகளைக் கொன்று குவிக்கும் வேட்டை விருந்துகளை அவர் வெறுத்தார். கேமராவைத் தூக்கினார். புலியைச் சுடுவதைவிடப் படம் பிடிப்பது கடினம் என்பதையும், அதில் கிடைக்கும் மகிழ்ச்சி பெரிது என்பதையும் தம் அனுபவத்தில் கண்டார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, அவர் சுற்றித் திரிந்த காட்டுப்பகுதியில் அமைந்தது. அதற்காக உழைத்தவர்களில் அவர் முக்கியமானவர். முதலில் ஹெய்லி என்ற பெயரில் இருந்த அந்தப் பூங்கா, அவர் மறைவுக்குப் பின் கார்பெட் தேசியப் பூங்கா ஆனது. 1973 ஏப்ரலில் இந்தியாவின் புலிகள் காப்புத் திட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

1944இல் வெளிவந்த குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய அவருடைய நூல் உலகெங்கும் பரவியது. தமிழிலும் அவருடைய எழுத்து கிடைக்கிறது. 1947இல் தமக்கை மேகியுடன் கென்யாவின் நியேரி நகருக்குக் குடிபெயர்ந்தார். சாரணர் இயக்கத்தில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி: அங்கே அவர் குடியிருந்தது, சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் முன்பு வாழ்ந்த அதே சிறு வீடு. 1955 ஏப்ரல் 19ஆம் நாள் கார்பெட் நியேரியில் காலமானார். அவருடைய .275 ரைபிள் 2015இல் அதைச் செய்த ரிக்பி நிறுவனத்திடமே திரும்பிச் சேர்ந்தது.

நம் பேராக்கிற்கு என்ன தொடர்பு?

ஈப்போ ரயில் நிலையத்தைப் பார்க்காத பேராக் மாணவர் இருக்க முடியாது. வெள்ளை மாளிகைபோல் நிற்கும் அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். அவருடைய சகோதரர் தியோடர் ஹப்பேக்கை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அவர் மலாயாவில் யானையும் செலாடாங்கும் வேட்டையாடி, 1905இல் அதைப் பற்றி நூலும் எழுதியவர். கார்பெட்டைப் போலவே அவரும் பிறகு விலங்குகளின் பக்கம் நின்றார். பல ஆண்டுகள் போராடினார். அதன் பயனாக 1930களின் இறுதியில் பகாங், திரெங்கானு, கிளந்தான் மாநிலங்களின் எல்லையில் உருவான பூங்காவைத்தான் இன்று தாமான் நெகாரா என்கிறோம். காட்டை நெருக்கமாக அறிந்த வேட்டைக்காரர்களே காட்டின் காவலர்களாக மாறியது நம் நாட்டிலும் நடந்திருக்கிறது.

நான் அறிந்த பழைய ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்துக்குப் பின்னால் கேட்ட கேளையாட்டின் குரைப்பைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இப்போது அந்தக் குரல் அரிது. மலாய் மொழியில் ரூசா எனப்படும் கடமானும் கீஜாங் எனப்படும் கேளையாடும் குறைந்துபோனதால், 2009இல் தீபகற்ப மலேசியாவில் அவற்றை வேட்டையாடத் தடை கொண்டுவரப்பட்டது. மானுக்கு ஏன் இந்தப் பாதுகாப்பு என்று கேட்டால், விடை புலியிடம் இருக்கிறது. காட்டில் மான் இல்லையென்றால் புலிக்கு இரை இல்லை. நம் காடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்டுள்ளது. பேராக்கின் பெலும் காடு அவற்றின் முக்கிய இருப்பிடங்களில் ஒன்று.

எனவே, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கி வாங்கப் புறப்பட வேண்டியதில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதையும் அனுமதியற்ற வேட்டையையும் கடுமையாகத் தண்டிக்கிறது. தோட்டாவைப் பற்றி நான் இவ்வளவு எழுதியது வேறொரு காரணத்துக்காக.

எஸ்.பி.எம். முடித்து மேற்படிப்புக்கு நிற்கும் மாணவர்களிடம் நான் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. தாங்க முடியுமா என்று பார்க்காமல், பெயருக்காகப் பெரிய துப்பாக்கியைத் தோளில் தூக்கிக்கொள்வது. நண்பர் எடுத்தார் என்று ஒரு துறை, உறவினர் மெச்சுவார்கள் என்று ஒரு துறை. முதல் உதையிலேயே கண் மூடிக்கொள்கிறது; அதன் பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும் முன்பே உடல் நடுங்குகிறது. சிறியதை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மிகச் சிறிய குண்டும் காயத்தைத்தான் உண்டாக்கும். உங்கள் தோள் எதைத் தாங்கும், எதிரில் இருக்கும் வேலைக்கு எது போதும் என்ற இரண்டையும் நேர்மையாக எடைபோட்டுப் பாருங்கள். பிறகு எடுத்த கருவியோடு, கம்பி கட்டிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு அந்தச் சிறுவன் பழகியதுபோல், நாள்தோறும் பழகுங்கள்.

கார்பெட்டின் பெயரை நிலைநிறுத்தியது துப்பாக்கியின் பருமன் அல்ல. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு விசையை அழுத்த முடிந்த நிதானம்தான்.